வளர்ற புள்ளைக்குன்னு பெரிய வயலின் வாங்காதீங்க

"வளர்ற புள்ளைங்க, ஒரு சைஸு பெருசாவே குடுத்துருங்க." யூனிபார்ம் எடுக்கும்போதும் ஷூ வாங்கும்போதும் நாம் சொல்கிற இந்த வார்த்தையை வயலின் வாங்கும்போது மட்டும் சொல்லிவிடாதீர்கள். சட்டை தொளதொளவென்று இருந்தால் கையை மடித்துவிட்டுக்கொள்ளலாம். வயலினை மடிக்க முடியாது. அதைப் பிடிக்கிற குழந்தைதான் தன் தோளையும் மணிக்கட்டையும் முதுகையும் வளைத்துக்கொள்ளும். ஆறு மாதம் வளைத்துப் பழகிய கையை நிமிர்த்த ஆசிரியருக்கு ஒரு வருஷம் பிடிக்கும்.

விஜயதசமிக்கு வகுப்பில் சேர்க்கிறோம் என்று ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கடைக்கு ஓடுகிறவர்கள் நம் பக்கம் நிறைய. குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகவே போய்விடுங்கள். ஏன் என்பது கீழே வரும். அதற்கு முன்னால் வீட்டிலேயே முடிக்கவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: அளவெடுப்பது. கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் தையல் டேப்புக்குப் பஞ்சமில்லை. அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த எண்களைப் புரிந்துகொள்வோம். வயலின்கள் 1/16, 1/10, 1/8, 1/4, 1/2, 3/4, 4/4 என்ற அளவுகளில் வருகின்றன. 1/2 என்றால் முழு வயலினில் பாதி நீளம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முழு அளவு வயலினின் மரப்பெட்டி, கழுத்தை விட்டுவிட்டு அளந்தால், 14 அங்குலம், அதாவது சுமார் 356 மில்லிமீட்டர். 'அரை' வயலினில் அதே அளவு சுமார் 310 மி.மீ. 3/4 என்பது சுமார் 335, 1/4 என்பது சுமார் 280, 1/8 என்பது சுமார் 255. ஒரு அளவுக்கும் அடுத்ததற்கும் இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர்தான் வித்தியாசம். பார்வைக்குச் சின்னதாகத் தெரிகிற இந்த வித்தியாசம்தான் குழந்தையின் கையில் பெரிய வித்தியாசம். பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் சீட்டில் ஒரு அளவு, மரத்தில் வேறு அளவு என்று இருப்பதும் உண்டு. ஆகவே கடையில் டேப்பை வைத்து முதுகுப் பக்கத்தை நீங்களே அளந்துவிடுங்கள்.

இப்போது குழந்தையின் கை. நிமிர்ந்து நிற்கவைத்து, "கண்ணு, இடது கையை நல்லா நீட்டு" என்று சொல்லி, கையைத் தோள் மட்டத்துக்குப் பக்கவாட்டில், உள்ளங்கை மேலே பார்க்கும்படி நீட்டச் சொல்லுங்கள். கழுத்தும் தோளும் சேருமிடத்திலிருந்து உள்ளங்கையின் நடு வரைக்கும் அளவெடுங்கள். விரல் நுனி வரைக்கும் அல்ல. அப்படி அளந்துதான் நிறையப் பேர் ஒரு அளவு பெரிதாக வாங்கிவிடுகிறார்கள். வந்த எண் சுமார் 17 அங்குலம் என்றால் 1/8, 18½ தாண்டினால் 1/4, 20 தாண்டினால் 1/2, 22 தாண்டினால் 3/4, 23½ தாண்டினால் முழு அளவு. இரண்டுக்கும் நடுவில் வந்தால் சின்னதை எடுங்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சின்ன வயலினால் சத்தம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பெரிய வயலினால் கை கெடும்.

வயதை வைத்து வாங்குவது கடைசி வழி. ஏழு வயதில் 1/2 பிடிக்கிற தம்பியும் உண்டு, ஒன்பது வயதிலும் 1/4 தேவைப்படுகிற அம்முணியும் உண்டு. போனில் "ஏனுங்க, எட்டு வயசுக்கு என்ன சைஸுங்க?" என்று கேட்டால் கடைக்காரர் ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும்.

மேலே சொன்ன கணக்கு நின்றுகொண்டு, வயலினைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவில் வைத்து வாசிக்கிற மேற்கத்திய முறைக்காகப் பிறந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் வயலின் கர்நாடக இசைக்குள் வந்தபோது வாத்தியம் மாறவில்லை. உட்காரும் முறையும் சுருதி கூட்டும் முறையும் மாறின. நம் குழந்தை கர்நாடக இசை கற்கப்போகிறது என்றால் சம்மணமிட்டு உட்காரும், வயலினின் ஒரு முனை இடது நெஞ்சின் மேல்பக்கம் அழுந்தும், சுருள் முனை வலது கணுக்காலில் படியும். அதனால் இன்னொரு அளவும் பார்க்கவேண்டும். தரையில் உட்காரவைத்து, வலது பாதத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, இடது காறை எலும்புக்குக் கீழிருந்து வலது கணுக்கால் வரைக்கும் டேப்பை ஓட்டுங்கள். முழு வயலினின் மொத்த நீளம், சுருள் முனை உட்பட, சுமார் 60 சென்டிமீட்டர். 3/4 சுமார் 56, 1/2 சுமார் 52, 1/4 சுமார் 48. முதுகு நிமிர்ந்திருக்கும்போது டேப் காட்டுகிற எண்ணும் வயலினின் நீளமும் ஒட்டிவந்தால் சரி. வயலின் நீளமாக இருந்தால் குழந்தை பின்னால் சாயும், இல்லாவிட்டால் காலை நீட்டி நீட்டி உட்காரும். குட்டையாக இருந்தால் கூன்போட்டுக் குனியும். பாதத்தை முன்பின் நகர்த்தி ஓரிரு சென்டிமீட்டரைச் சரிக்கட்டலாம், அதற்கு மேல் முடியாது.

கடையில் நின்றபடி கழுத்தில் வைத்துப் பார்த்துவிட்டு "பொருந்துது" என்று வாங்கி வராதீர்கள். கடைத் தரையில் ஒரு துண்டை விரித்து உட்காரவைத்துப் பாருங்கள். கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

உட்கார்ந்த பிறகு பார்க்கவேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. என்னைக் கேட்டால், அளவு முடிவாவது இந்த இடத்தில்தான். நம் முதல் பாடம் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, அதாவது ஸ ரி க ம என்று ஏறி இறங்கும் பயிற்சி. அதில் ரி சுத்த ரிஷபம், க அந்தர காந்தாரம். ஸ திறந்த தந்தி, விரல் வைக்காமலே வரும். ரி ஒரு அரைச்சுரம், அதாவது கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைக்குள்ள தூரம், தள்ளி ஆள்காட்டி விரலில் வரும். க நான்கு அரைச்சுரம் தள்ளி நடுவிரலில் வரும். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் மூன்று அரைச்சுர இடைவெளி. மேற்கத்திய வகுப்பில் குழந்தை முதலில் பழகுவது பெரும்பாலும் இரண்டு அரைச்சுர இடைவெளியைத்தான். முழு வயலினில் தந்தியின் அதிரும் நீளம் சுமார் 328 மி.மீ. அதில் ரிக்கும் கவுக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய 49 மி.மீ. வரும். 1/2 வயலினில் அதுவே 43 மி.மீ. அளவுக்குக் குறையும். ஆறு மில்லிமீட்டர்தானே என்று தோன்றலாம். எட்டு வயதுக் கையை இரண்டு விரலையும் அகட்டிப் பிடிக்கச் சொல்லி டேப்பில் பாருங்கள், அந்த ஆறு மில்லிமீட்டர் எங்கே வலிக்கிறது என்று தெரியும்.

எட்டாத குழந்தை என்ன செய்யும்? நடுவிரலை க இருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே வைக்கும், காந்தாரம் இறங்கியே ஒலிக்கும். அல்லது கையையே நகர்த்தும், அடுத்து ரி-க்குத் திரும்பும்போது ரி தள்ளிப்போயிருக்கும். த, நி-யிலும் இதே கதை, மெல்லிய முதல் தந்தியில். "புள்ளைக்குச் சுருதி நிக்கலைங்க" என்று வீட்டில் வருத்தப்படுகிற பல இடங்களில் காது நன்றாகவே இருக்கும், வயலின்தான் பெரிதாக இருக்கும். ஆகவே கடையில், ஆள்காட்டி விரலை ரி-யில் வைத்துக்கொண்டே நடுவிரல் க-வைத் தொடுகிறதா என்று பாருங்கள். மணிக்கட்டு உள்ளே ஒடியாமல், கட்டைவிரல் கழுத்தை இறுக்காமல் தொட்டால் அந்த அளவு சரி. இடம் தெரியாவிட்டால் போனில் ஒரு டியூனரை வைத்துத் தேடிக்கொள்ளலாம், அல்லது ஆசிரியரை உடன் அழைத்துப் போகலாம்.

இடது கைப் பழக்கமுள்ள குழந்தைக்குத் தனி வயலின் தேவையில்லை. இந்த வாத்தியத்தில் இரண்டு கைக்கும் கடினமான வேலை இருக்கிறது.

வில்லும் அதே அளவாக இருக்கவேண்டும். முழு வில் 74, 75 சென்டிமீட்டர் நீளம். அதைக் குழந்தையிடம் கொடுத்தால் முனை வரைக்கும் இழுக்கக் கை எட்டாது, பாதி வில்லிலேயே வாசித்துப் பழகிவிடும், கோணலாக இழுக்கும். செட்டாக வாங்கும்போது பெட்டிக்குள் வேறு அளவு வில் மாறி வந்துவிடுவதும் உண்டு, கவனியுங்கள். வில்லின் நடுப்பகுதியைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பாருங்கள். மரம் பக்கவாட்டில் வளைந்திருந்தால் அது வேண்டாம். திருகாணியைச் சுற்றினால் வில்லில் கட்டியிருக்கும் முடி சீராக இறுகவேண்டும், தளர்த்தினால் சீராகத் தளரவேண்டும்.

புதிய வில் சத்தமே போடாது. "கடைக்காரர் ஏமாத்திட்டாருங்க" என்று போன் வருவது பெரும்பாலும் இதற்காகத்தான். முடியில் ரோசின், அதாவது பிசின் கட்டியின் பொடி, ஏறாமல் தந்தியைப் பிடிக்காது. புதிய ரோசின் கட்டியும் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருக்கும், ஒட்டாது. மெல்லிய உப்புத்தாளால் மேற்பரப்பைக் குறுக்கும் நெடுக்குமாக லேசாகக் கீறி, வெண்மையாகப் பொடி வந்த பிறகு வில்லை முழு நீளத்துக்கும் மெதுவாக முப்பது, நாற்பது தடவை தேய்க்கவேண்டும். முதல் தடவைக்குத்தான் இவ்வளவு. பிறகு சாதகத்துக்கு முன் மூன்று, நான்கு இழுப்பு போதும். அளவுக்கு மீறினால் சத்தம் கரகரக்கும், தந்திக்கடியில் மாவு மாதிரி கொட்டும். அதை அன்றன்றைக்கே துடைக்காவிட்டால் வார்னிஷில் ஒட்டிக்கொள்ளும்.

வாசிக்கும்போது வில்லின் நடுவில் மரத்துக்கும் முடிக்கும் இடைவெளி ஒரு பென்சில் கனம் இருந்தால் போதும். முடித்ததும் திருகாணியைத் தளர்த்தி முடியைத் தொங்கவிட்டு வைக்கவேண்டும். இதைப் பழக்கப்படுத்தாவிட்டால் ஒரு கோடையிலேயே வில் வளைந்துவிடும்.

அப்புறம் தேங்காய் எண்ணெய். தலைக்கு எண்ணெய் வைத்துச் சடை பின்னி வகுப்புக்கு அனுப்புவது நம் வழக்கம். அந்தக் கையாலேயே வில்லின் முடியைத் தொட்டால் தொட்ட இடம் அத்தோடு போயிற்று, ரோசின் பிடிக்காது. கர்நாடக வயலினில் கமகத்துக்காக, அதாவது சுரத்தை அசைத்து இழைப்பதற்காக, விரல் வழுக்கிச் செல்ல இடது விரல் நுனியில் துளி எண்ணெய் தொட்டுக்கொள்வதும் வழக்கம்தான். இரண்டும் முரணில்லை. இடது விரல் நுனிக்கு மட்டும், அதுவும் ஆசிரியர் சொன்ன பிறகு. வாசித்து முடித்ததும் தந்தியை ஒரு துணியாலும், மரத்தை வேறு துணியாலும் துடைக்கவேண்டும். எண்ணெய்த் துணி ஒருநாளும் வில் பக்கம் போகக்கூடாது. இரண்டு பழைய மல் துணி போதும், வேறு நிறமாக இருந்தால் குழந்தை குழப்பிக்கொள்ளாது.

இரண்டு வாரம் முன்னதாகப் போகச் சொன்னேனே, அதற்குக் காரணம் இது. தொழிற்சாலையிலிருந்து வருகிற சின்ன வயலின் பெரும்பாலும் வாசிக்கத் தயாராக இருக்காது. குதிரை, அதாவது தந்திகளைத் தாங்கி நிற்கிற மரத்துண்டு, படுத்திருக்கும் அல்லது மரத்தோடு பொருந்தாமல் நிற்கும், தந்தி எட்டாத உயரத்தில் இருக்கும், தந்தியை முறுக்குகிற பிரடை சுற்றாது. அதைச் சரிசெய்வதைக் கடைகளில் செட்டப் என்கிறார்கள். வாத்தியத்துக்கு ஒதுக்குகிற தொகையில் ஐந்தில் ஒரு பங்கை இதற்கும் தந்திக்கும் ரோசினுக்குமாக எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தில் வயலின் பாருங்கள். செட்டப் செய்த சாதாரண வயலின், செட்டப் செய்யாத விலையுயர்ந்த வயலினைவிடக் குழந்தைக்கு நல்லது.

நீங்களே பார்க்கக்கூடியவை சில. குதிரை ஒட்டப்பட்டிருக்காது, தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கும். அதன் இரண்டு பாதங்களும் மரத்தின் வளைவோடு இடைவெளியில்லாமல் உட்காரவேண்டும். ஒரு தாள் உள்ளே நுழைந்தால் சீவிச் சரிசெய்யச் சொல்லுங்கள். எஃப் வடிவத் துளைகளின் உள்பக்கத்தில் சின்ன வெட்டுக் குறி இருக்கும், அந்த இரண்டு குறிகளையும் சேர்க்கிற கோட்டில் குதிரை நிற்கவேண்டும். குதிரையின் தாழ்ந்த பக்கம் மெல்லிய முதல் தந்திக்குக் கீழே, உயர்ந்த பக்கம் நாலாவது தந்திக்குக் கீழே. மாற்றி நிறுத்தியிருந்தால் தந்தி அழுத்தவே முடியாது. விரல்பலகையின் முடிவில் தந்தியின் உயரம் முழு வயலினில் முதல் தந்திக்கு 3½ மி.மீ., நாலாவதுக்கு 5½ மி.மீ. அளவில் இருக்கும். சின்ன வயலின்களில் அதைவிடக் குறைவாக இருக்கவேண்டும். பிரடைப் பக்கம், தந்தி பள்ளத்தில் உட்காருகிற மேட்டுக்குப் பக்கத்தில், தந்திக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடம் போதும். அதற்கு மேல் இருந்தால் ரி அழுத்தும்போதே விரல் நுனி வெட்டுப்படும்.

விரல்பலகையை ஈரத்துணியால் ஓங்கித் தேயுங்கள். கறுப்பு வந்தால் அது கருங்காலியல்ல, வெளிறிய மரத்துக்குச் சாயம் பூசியது. குழந்தையின் விரலில் ஒட்டும், சீக்கிரம் பள்ளம் விழும். எஃப் துளை வழியாக உள்ளே பாருங்கள். குதிரையின் முதல் தந்திப் பக்கப் பாதத்துக்குச் சற்றுப் பின்னால் ஒரு சின்னக் குச்சி நட்டுக்க நிற்கும். அதுதான் சவுண்டு போஸ்ட். அதுவும் ஒட்டியதல்ல. நான்கு தந்தியையும் ஒரே நேரத்தில் கழற்றினால் குதிரையும் விழும், அந்தக் குச்சியும் சாயும். அதை நிறுத்தத் தனிக் கருவியும் பழகிய கையும் வேண்டும். தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றச் சொல்வது இதற்காகத்தான். சாய்ந்துவிட்டால் தந்திகளை உடனே தளர்த்திவிட்டு எடுத்துப் போங்கள். குச்சியில்லாமல் முறுக்கினால் மேல்பலகை அமுங்கும்.

வால்பகுதியில் நான்கு தந்திக்கும் ஃபைன் டியூனர், அதாவது சுருதியை நுணுக்கமாகச் சரிசெய்கிற சின்னத் திருகு, இருக்கிற வயலினையே குழந்தைக்கு எடுங்கள். பெரியவர்களுக்கு ஒன்று போதும். குழந்தையின் விரலுக்குப் பிரடையை அழுத்திக்கொண்டே சுற்றும் பலம் வராது. பிரடையைச் சும்மா சுற்றினால் வழுக்கும், உள்ளே தள்ளியபடி சுற்றவேண்டும். அதை வீட்டில் ஒருவர் கற்றுக்கொள்ளுங்கள். சுருதி கூட்டக் கூட்டக் குதிரையின் தலை பிரடைப் பக்கம் சாயும். வாரம் ஒருமுறை பக்கவாட்டில் பாருங்கள், குதிரையின் பின்முகம், அதாவது வால்பகுதியைப் பார்க்கிற முகம், மரத்துக்குச் செங்குத்தாக இருக்கவேண்டும். சாய்ந்திருந்தால் இரண்டு கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துங்கள். விட்டுவிட்டால் ஒருநாள் படாரென்று விழும், குதிரையும் உடையும், சில நேரம் மேல்பலகையிலும் குழி விழும்.

வாங்குமுன் ஆசிரியரிடம் கேட்கவேண்டியது, "எத்தனை கட்டையில சொல்லித்தர்றீங்க?" கட்டை என்பது ஸ எந்த உயரத்தில் ஒலிக்கும் என்று சொல்கிற எண். வயலின் தந்திகள், நாலாவதிலிருந்து முதலாவது வரைக்கும், ஜி, டி, ஏ, ஈ என்ற சுருதிக்குச் செய்யப்படுபவை. நாம் ஸ ப ஸ ப என்று கூட்டுகிறோம். 5 கட்டை என்றால் ஸ ஜி-யில் வரும். நாலாவதும் மூன்றாவதும் அப்படியே இருக்கும், இரண்டாவதும் முதலாவதும் ஒரு முழுச்சுரம் மட்டும் இறங்கும். சின்ன வயலினுக்கு இது சௌகரியமான சுருதி. அதையே 1, 1½ கட்டைக்கு இறக்கினால், நீளம் குறைந்த தந்தி நான்கும் தொளதொளத்து, வில் பட்டதும் அலைந்து, பலகையில் மோதிக் கிர்ரென்று இரையும். வயலினில் கோளாறு என்று தோன்றும், தந்தி தளர்ந்ததுதான் விஷயம். சின்ன அளவில் வாசிக்கும் வரைக்கும் 4½, 5, 5½ கட்டையில் கற்றுத்தர ஆசிரியர் ஒத்துக்கொள்வாரா என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.

தந்தியும் அளவுப்படி வாங்கவேண்டும். 1/2 வயலினுக்கு 4/4 தந்தியை மாட்டி, மிச்சத்தைப் பிரடையில் சுற்றிக் கொடுத்தால் தந்தியின் கனமான பகுதியும் பட்டு சுற்றிய முனையும் தவறான இடத்தில் வரும், பிரடைக் குழியில் நெருக்கும், மேட்டுப் பள்ளத்தில் அறுந்து போகும். அறுவது பெரும்பாலும் முதல் தந்திதான். அதில் இரண்டும், முழு செட் ஒன்றும் கையிருப்பில் இருக்கட்டும், சின்ன அளவுத் தந்தி எல்லா ஊர்க் கடையிலும் கிடைக்காது. மாட்டுவதற்கு முன் பள்ளங்களில் பென்சில் முனையைத் தேய்த்துவிட்டால் தந்தி வழுக்கி நகரும், அறுவது குறையும். புதுத் தந்தி முதல் சில நாள் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். திருப்பித் திருப்பிக் கூட்டுங்கள், நின்றுவிடும்.

மற்றபடி உடன் வாங்கவேண்டியவை கொஞ்சம்தான். பைக்கில் வகுப்புக்குப் போகிற வீடென்றால் மெத்தைப் பை போதாது, உள்ளே நுரை வைத்த கெட்டிப் பெட்டி வேண்டும். பின்னால் உட்காருகிற குழந்தையின் முதுகில் மாட்டும்போது வார் இரண்டும் இறுக்கமாக இருக்கட்டும். சுருதிக்குப் போன் செயலி போதும். செட்டோடு தருகிற ஷோல்டர் ரெஸ்ட் என்கிற தோள் தாங்கி நின்று வாசிக்கிறவர்களுக்கு. உட்கார்ந்து வாசிக்கும் குழந்தைக்கு அது தேவையில்லை, அந்தக் காசில் தந்தி வாங்குங்கள். டைல்ஸ் தரையில் பாதம் வழுக்கிக்கொண்டே போகும். வீட்டில் பவானி ஜமுக்காளம் இருந்தால் நான்காக மடித்துப் போடுங்கள், பாதத்துக்குப் பிடிப்பு கிடைக்கும். சுருள் முனைக்கும் கணுக்காலுக்கும் நடுவில் ஈரிழைத் துண்டு ஒன்றை மடித்து வைத்தால் எலும்பு உறுத்தாது. இந்தச் சின்னத் துண்டு இல்லாமல்தான் பல குழந்தைகள் பத்து நிமிஷத்தில் காலை மாற்றி மாற்றி நெளிகின்றன.

நம் ஊர் வெயிலைப் பற்றியும் சொல்லவேண்டும். ஈரோட்டிலும் கரூர் பரமத்தியிலும் கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அதைவிட அதிகம். வயலினை ஒட்டப் பயன்படுகிற வச்சிரம் வெப்பத்தில் இளகும்படியானது, பழுதுபார்க்கப் பிரிக்க வேண்டுமே என்பதற்காகவே அப்படி. காரில் விட்டுவிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போய் வந்தால் ஓரம் வாய்பிளந்திருக்கும். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அட்டாலியும் காருக்குச் சமம். சித்திரை வைகாசியில் மரம் காய்ந்து சுருங்கிப் பிரடை நிற்காமல் சுழலும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் பொள்ளாச்சி, கோவைப் பக்கமும், ஐப்பசி மழையில் எல்லா ஊரிலும், ஈரத்தில் ஊதிப் பிரடை இறுகும். நழுவினால் பிரடையைக் கழற்றி மரத்தில் உரசுகிற இடத்தில் சாக்பீஸ் பூசுங்கள், இறுகினால் காய்ந்த சோப்பை லேசாகத் தேயுங்கள். இறுகிய பிரடையை இடுக்கியால் திருகவே கூடாது, தலை முறிந்துவிடும். பரீட்சை நேரத்தில் மாதக்கணக்கில் பெட்டியைத் திறக்காமல் வைத்தால் வில்லின் முடியைப் பூச்சி அரிக்கும். வாரத்தில் ஒருநாள் திறந்து வெளிச்சம் காட்டுங்கள்.

பழைய வயலின் வாங்கலாமா என்றால், சின்ன அளவுகளில் தாராளமாக வாங்கலாம். ஒரு குழந்தை ஒரு அளவை ஒன்றரை, இரண்டு வருஷத்தில் தாண்டிவிடும், மரம் அதற்குள் தேய்வதில்லை. ஆசிரியரிடம் சொல்லிவைத்தால் முந்தின மாணவருடையது கிடைக்கும். ஓரம் முழுக்க விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வாருங்கள், ஒட்டு விட்ட இடத்தில் சத்தம் ஓட்டையாகக் கேட்கும். ஒட்டு விட்டதைத் திரும்ப ஒட்டலாம், பயமில்லை. சவுண்டு போஸ்டுக்கு நேராக விரிசல் இருந்தாலோ கழுத்து முன்னால் சாய்ந்திருந்தாலோ வேண்டாம்.

மற்ற வாத்தியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிருதங்கம் வழக்கமாக 22 அங்குலம், 24 அங்குலம் என்று வரும். நீளம் கூடினால் சுருதி தாழும். குழந்தைக்கு 22-ஐத் தாண்டவேண்டாம், ரொம்பச் சின்னக் குழந்தைக்கு அதைவிடக் குட்டையாகச் செய்யச் சொல்லலாம். உட்காரவைத்து, வலது முகமான வலந்தலையில் வலது கையும் இடது முகமான தொப்பியில் இடது கையும் தோளைத் தூக்காமல் விழுகிறதா பாருங்கள், தோள் ஏறினால் நீளம் அதிகம். கோயமுத்தூரிலிருந்து எட்டிவிடுகிற தூரத்தில், பாலக்காட்டுப் பக்கம், பெருவெம்பா கிராமம் தோல் வாத்தியங்களுக்குப் பேர்போனது. பலா மரத்தில் செய்தது கனம். மாடிப்படி ஏறித் தூக்கிப் போகவேண்டும் என்றால் நட்டு போல்ட்டு வைத்த ஃபைபர் மிருதங்கமும் ஆரம்பத்துக்கு ஆகும்.

புல்லாங்குழலில் கட்டை கூடக்கூட நீளமும் துளைகளின் இடைவெளியும் குறையும், ஆகவே குழந்தைக்கு 5 கட்டைக் குழல் ஏற்றது. எல்லாத் துளையையும் மூடி ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் கீச்சென்று தாவினால் ஏதோ ஒரு விரல் மூடவில்லை. கிடார் என்றால் மொத்த நீளம் 30 அங்குலம் 1/4, 34 அங்குலம் 1/2, 36 அங்குலம் 3/4, 39 அங்குலம் முழு அளவு. ஆரம்பத்துக்கு நைலான் தந்தி, இரும்புத் தந்தி பிஞ்சு விரலை வெட்டும். கீபோர்டில் விரலால் அழுத்துகிற கட்டைகள் முழு அகலமாக இருக்கவேண்டும். ஒரு ஸ்தாயியின், அதாவது ஏழு வெள்ளைக் கட்டைகளின், அகலம் 16½ சென்டிமீட்டர் அளவில் இருந்தால் அது முழு அகலம். குறுகலான பொம்மைக் கட்டையில் பழகிய விரல் பெரியதில் தடுமாறும். இங்கே மட்டும் குழந்தைக்கென்று சின்னது வாங்கவேண்டாம், உட்காரும் நாற்காலியை உயர்த்திக்கொள்ளலாம். பறை கற்க வருகிற குழந்தைகள் இப்போது நம் பக்கம் பெருகியிருக்கிறார்கள், மகிழ்ச்சியான விஷயம். தோளில் வாரை மாட்டியபின் சட்டத்தின் கீழ்விளிம்பு நடக்கும்போது தொடையில் இடிக்கக்கூடாது. அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் குழந்தையின் கைக்கேற்பச் சின்னதாகச் சீவித்தான் தரவேண்டும்.

வயலினுக்கே திரும்பினால், அடுத்த அளவுக்கு எப்போது மாறுவது? ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே டேப்பால் அதே இரண்டு அளவையும் எடுத்து எழுதிவையுங்கள். முதுகு குனிய ஆரம்பித்தால், வில்லின் முனை சிரமமே இல்லாமல் எட்டி அதற்கப்பாலும் கை நீண்டால், பக்கத்துப் பக்கத்துச் சுரங்களில் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால், நேரம் வந்துவிட்டது. கச்சேரிக்கோ பரீட்சைக்கோ ஒரு மாதம் இருக்கும்போது மாற்றாதீர்கள். புதிய அளவில் எல்லாச் சுரமும் இடம் மாறியிருக்கும், விரல் பழைய இடத்துக்கே போகும். முதல் பத்து நாள் வர்ணம் போன்ற பெரிய பாடங்களை மூடிவைத்துவிட்டு, சரளி வரிசையை முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள்.